ஆம்ட்ராக்கிலிருந்து புறநகர் ரயிலுக்கு: இணைப்புப் பயணத்தைத் திட்டமிடும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் தொலைதூரப் பயணிகள் ரயில்களை ஆம்ட்ராக் இயக்குகிறது. பெருநகரங்களைச் சுற்றியுள்ள ஊர்களுக்கான புறநகர் ரயில்களை நியூ ஜெர்சி டிரான்சிட், சிகாகோவின் மெட்ரா, பிலடெல்பியாவின் செப்டா, சான் பிரான்சிஸ்கோ பகுதியின் கால்டிரெய்ன் போன்ற வட்டார அமைப்புகள் இயக்குகின்றன. இரண்டும் ஒரே நிலையத்தில், சில நேரங்களில் ஒரே நடைமேடையில் வந்து நின்றாலும், பயணச்சீட்டு வேறு, அட்டவணை வேறு, தாமதமானால் பொறுப்பேற்பவரும் வேறு.

புதிதாகப் பயணம் செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஆம்ட்ராக் சீட்டை வாங்கிவிட்டு, கடைசி இருபது மைல் தொலைவை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அனைத்தும் அந்த இருபது மைலில்தான் இருக்கிறது. ஆகவே, இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது.

தொடங்கும் முன் மூன்று விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: சேர வேண்டிய வீட்டின் முழு முகவரி, அதற்கு மிக அருகிலுள்ள புறநகர் நிலையத்தின் சரியான பெயர், பயண நாள் வாரத்தின் எந்தக் கிழமை என்பது. நகரத்தின் பெயர் மட்டும் போதாது.

1. புறநகர் ரயிலின் அட்டவணையை முதலில் பாருங்கள்

ஆம்ட்ராக்கின் தொலைதூர ரயில்களில் பெரும்பாலானவை நாளுக்கு ஒரு முறை ஓடுகின்றன. கார்டினல், சன்செட் லிமிடெட் ஆகிய இரண்டும் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே ஓடுகின்றன. இதைப் பார்க்கும் எவரும் அரிதாக ஓடும் ரயிலை முதலில் உறுதிசெய்ய வேண்டும் என்றே நினைப்பார். ஆனால் அரிதான ரயிலின் நேரம் எளிதில் கண்ணில் படும். மறைந்திருப்பது புறநகர் ரயிலே ஓடாத நாள்.

ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ வழியாகச் செல்லும் சன்ரெயில் சனி, ஞாயிறுகளில் ஓடுவதில்லை. டல்லாஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் இடையிலான டிரினிட்டி ரெயில்வே எக்ஸ்பிரஸ் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. வாஷிங்டனிலிருந்து புறப்படும் மார்க் புறநகர் ரயில்களில் பென் தடம் வார இறுதியிலும் ஓடும். கேம்டன் தடமும் பிரன்ஸ்விக் தடமும் வேலை நாள்களுக்கு மட்டுமே உரியவை. சியாட்டிலின் சவுண்டர் ரயில்கள் அலுவலகம் செல்வோரை மனத்தில் வைத்து, பெரும்பாலும் வேலை நாள்களின் காலையிலும் மாலையிலும் ஓடுபவை. நண்பகலில் கிங் தெரு நிலையத்தில் இறங்குபவருக்கு அவற்றால் பயனில்லை.

சால்ட் லேக் சிட்டி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வரைபடத்தில் ஆம்ட்ராக் நிலையமும் ஃப்ரண்ட்ரன்னர் புறநகர் ரயில் நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் ஆம்ட்ராக்கின் கலிஃபோர்னியா ஸெஃபிர் ரயில், மேற்கு நோக்கிச் செல்லும்போது இரவு வெகுநேரம் கழித்தும், கிழக்கு நோக்கிச் செல்லும்போது விடியலுக்கு முன்பும் அங்கு வருகிறது. ஃப்ரண்ட்ரன்னரோ ஞாயிற்றுக்கிழமை ஓடுவதே இல்லை. இரு நிலையங்களும் அருகருகே இருப்பதை இணைப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் தவறு.

எனவே கிழமைக்குரிய அட்டவணையைத் திறந்து, நீங்கள் செல்லும் திசையில் ஓடும் கடைசி ரயிலின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு விடுமுறையாக இருந்தால், அன்று வார இறுதி அட்டவணை நடைமுறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இனிவரும் கணக்கு முழுவதும் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிச் செல்லும்.

2. மாறும் நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்

நகரின் முதன்மை நிலையம்தான் மாறுவதற்கு ஏற்றது என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். பல நேரங்களில் அதற்கு ஒன்றிரண்டு நிறுத்தங்கள் முன்பே இறங்குவது எளிது.

நியூயார்க்கில் ஆம்ட்ராக் பென் நிலையத்துக்கு வருகிறது. லாங் ஐலண்ட் ரெயில் ரோடும் நியூ ஜெர்சி டிரான்சிட்டும் அதே வளாகத்திலிருந்து புறப்படுகின்றன. வெஸ்ட்செஸ்டர், கனெக்டிகட் பகுதிகளுக்குச் செல்லும் மெட்ரோ நார்த் ரயில்களோ கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. பெட்டிகளுடன் சுரங்க ரயில் ஏறி, இடையில் ஒரு முறை மாறி, மன்ஹாட்டனின் குறுக்கே செல்வதற்குப் பதிலாக, பாஸ்டன் திசையிலிருந்து வருபவர் நியூ ஹேவன், ஸ்டாம்ஃபோர்ட், நியூ ரோஷெல் ஆகியவற்றில் தம் ரயில் நிற்கும் ஒன்றில் மெட்ரோ நார்த்துக்கு மாறிக்கொள்ளலாம். ஆல்பனியிலிருந்து ஹட்சன் ஆற்றங்கரை வழியாக வருபவருக்கு அதே வசதி குரோட்டன் ஹார்மனிலும் யாங்கர்ஸிலும் உண்டு.

சிகாகோவில் மெட்ரா ரயில்கள் நான்கு வெவ்வேறு முனையங்களிலிருந்து புறப்படுகின்றன: யூனியன் நிலையம், ஒகில்வி, லசால் தெரு, மில்லேனியம். ஆம்ட்ராக் வருவது யூனியன் நிலையத்துக்கு மட்டுமே. ஒகில்வி வடக்கே சிறிது தூரம்தான், நடந்துவிடலாம். மில்லேனியம் அப்படியல்ல. நியூ ஆர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்து சிகாகோவின் தெற்குப் பகுதிக்குச் செல்பவர், ஹோம்வுட்டில் இறங்கி மெட்ரா எலெக்ட்ரிக் தடத்தைப் பிடித்தால் நகர மையத்துக்குள் நுழையவே வேண்டியதில்லை. மேற்குப் புறநகருக்குச் செல்பவர்களுக்கு நேப்பர்வில் நிலையமும், வடக்குப் பக்கத்துக்கு கிளென்வியூவும் இதே பயனைத் தருகின்றன.

பாஸ்டனில் தெற்கு நிலையத்துக்கும் வடக்கு நிலையத்துக்கும் இடையே நேரடி ரயில் இல்லை. நியூயார்க்கிலிருந்து வந்து வடக்கு நிலையத்தில் புறநகர் ரயிலையோ மெயின் மாநிலத்துக்குச் செல்லும் ஆம்ட்ராக்கின் டவுனீஸ்டர் ரயிலையோ பிடிப்பவர்கள், பழக்கத்தால் கடைசி நிறுத்தமான தெற்கு நிலையம் வரை சென்றுவிடுகிறார்கள். அதற்கு முந்தைய பேக் பே நிலையத்தில் இறங்கினால், ஆரஞ்சு தடச் சுரங்க ரயில் மாறாமலேயே வடக்கு நிலையத்தில் கொண்டுபோய் விடும்.

மயாமியில் ஆம்ட்ராக்கின் கடைசி நிலையம் தனித்து நிற்கிறது. அப்பகுதியின் புறநகர் ரயிலான டிரை ரெயில் அங்கு வருவதில்லை. மயாமி விமான நிலையப் பக்கம் செல்பவர் ஹாலிவுட்டிலோ ஃபோர்ட் லாடர்டேலிலோ இறங்கி டிரை ரெயிலுக்கு மாறுவதே நல்லது. மேற்குக் கரையில், ஆம்ட்ராக்கின் கோஸ்ட் ஸ்டார்லைட் ரயில் சான் பிரான்சிஸ்கோ நகருக்குள் செல்வதில்லை. சான் ஹொசேயின் டிரிடான் நிலையத்தில் கால்டிரெய்னுக்கு மாற வேண்டும், அல்லது எமரிவில் வரை சென்று ஆம்ட்ராக் பேருந்தில் ஏற வேண்டும்.

பெயர்க் குழப்பம் தனியே சொல்லப்பட வேண்டியது. நியூயார்க், நூவர்க், பால்ட்டிமோர் மூன்று நகரங்களிலும் பென் நிலையம் உண்டு. நியூயார்க் நோக்கிச் செல்லும் நியூ ஜெர்சி டிரான்சிட் ரயிலில் முதலில் வருவது நூவர்க் பென். ஒலிபெருக்கியின் இரைச்சலில் இரு பெயர்களும் ஏறக்குறைய ஒன்றாகவே காதில் விழும்; பெட்டிகளை இழுத்துக்கொண்டு நூவர்க்கில் இறங்கி, ரயில் நகர்ந்த பிறகு நடைமேடைப் பலகையைப் படித்துத் திகைத்து நிற்பவர்களை அங்கே அடிக்கடி காணலாம். ரயில் ஹட்சன் ஆற்றுச் சுரங்கத்தைக் கடந்த பிறகுதான் நியூயார்க் வரும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

3. ஏற மட்டும், இறங்க மட்டும் என்ற குறிகளைக் கவனியுங்கள்

ஆம்ட்ராக்கின் அட்டவணைகளில் சில நிறுத்தங்களுக்கு அருகே 'ஆர்' அல்லது 'டி' என்ற எழுத்து இருக்கும். முதலாவது, அங்கு பயணிகள் ஏறலாம், இறங்க முடியாது என்பதைக் குறிக்கும். இரண்டாவது, இறங்கலாம், ஏற முடியாது என்பதைக் குறிக்கும்.

குறுந்தொலைவுப் பயணிகள் தொலைதூர ரயிலின் இருக்கைகளை நிரப்பிவிடக் கூடாது என்பதே இதன் காரணம். ஃபுளோரிடாவிலிருந்து வடக்கே வரும் ரயில் நூவர்க்கிலும் டிரென்டனிலும் பயணிகளை இறக்கிவிடும், ஆனால் அங்கிருந்து எவரையும் ஏற்றாது. நிலையப் பலகையில் அந்த ரயிலின் பெயரைப் பார்த்துவிட்டு, செயலியில் சீட்டு ஏன் கிடைக்கவில்லை என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான்.

இறங்க மட்டும் உரிய நிறுத்தங்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு: ஏறுவதற்கு எவரும் இல்லை என்பதால், குறித்த நேரத்துக்கு முன்பே ரயில் புறப்பட்டுவிடலாம். ஆகவே உங்கள் நிறுத்தம் அந்த வகையைச் சேர்ந்தது என்றால், கால் மணி நேரம் முன்னதாகவே எழுந்து பெட்டிகளுடன் தயாராக இருங்கள்.

4. இடைவெளியைத் திசைக்கு ஏற்பக் கணக்கிடுங்கள்

இந்தக் கட்டத்துக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். "எத்தனை நிமிடம் போதும்?" என்பதற்கு ஒரே விடை இல்லை, எதிலிருந்து எதற்கு மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது அமையும்.

தொலைதூர ரயிலிலிருந்து புறநகர் ரயிலுக்கு மாறும்போது, முதல் ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏறலாம். இழப்பு அரை மணியோ ஒரு மணியோதான். எனவே குறிப்பிட்ட ஒரு புறநகர் ரயிலைக் குறிவைக்காமல், கடைசி ரயிலுக்கு எவ்வளவு முன்னதாக வந்துசேர்கிறீர்கள் என்பதை மட்டும் அளவிடுங்கள். பாஸ்டன் வாஷிங்டன் தடத்து ரயில்களுக்கு ஒன்றரை மணி நேரமும், இரவு முழுதும் ஓடிவரும் தொலைதூர ரயில்களுக்குக் குறைந்தது மூன்று மணி நேரமும் இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். அவ்வளவு இல்லையென்றால், வாடகைக் காருக்கோ விடுதிக்கோ ஆகும் செலவையும் சேர்த்தே அந்தப் பயணத்தை மதிப்பிடுங்கள்.

புறநகர் ரயிலிலிருந்து தொலைதூர ரயிலுக்கு மாறுவது இதற்கு நேர்மாறானது. தவறவிட்டால் அடுத்தது நாளைதான். அதனால் இங்கு ஒரு விதியைத் தயக்கமின்றிப் பின்பற்றலாம்: நீங்கள் ஏறத் திட்டமிட்ட புறநகர் ரயில் ரத்தானாலும், அதற்கு அடுத்த ரயில் உங்களைப் போதிய நேரத்தில் கொண்டுசேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ரயில் என்றால், இரண்டு மணி நேரம் நிலையத்தில் காத்திருப்பதற்குத் தயாராகுங்கள்.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கணக்கு இன்னும் துல்லியமாகும். பாஸ்டன் வாஷிங்டன் தடத்தின் பெரும்பகுதி ஆம்ட்ராக்குக்கே உரியது. நாட்டின் மற்ற பகுதிகளில் தண்டவாளம் பெரும்பாலும் யூனியன் பசிபிக், பிஎன்எஸ்எஃப், சிஎஸ்எக்ஸ், நார்ஃபோக் சதர்ன் போன்ற சரக்கு நிறுவனங்களின் சொத்து. பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை தரும் சட்டம் உண்டு; ஆனால் ஒற்றைத் தடத்தில், ஒதுங்கு தடத்துக்குள் அடங்காத நீளத்தில் சரக்கு ரயில் எதிரே வந்தால், ஒதுங்க வேண்டியது பயணிகள் ரயில்தான். தாமதமான ரயில் நகரை நெருங்கும்போது மாலை நெரிசல் நேரம் தொடங்கியிருந்தால், தன் முறையை இழந்து புறநகர் ரயில்களுக்குப் பின்னால் ஊர்ந்து வரவும் நேரும்.

இதோடு சேர்ந்த ஒரு விந்தையும் உண்டு. அட்டவணை தயாரிப்பவர்கள், தாமதத்தை ஈடுகட்டுவதற்காகக் கடைசி நிலையத்துக்கு முந்தைய பகுதியில் கூடுதல் நிமிடங்களைச் சேர்த்துவைப்பது வழக்கம். அதனால் கடைசி நிலையத்தில் சரியான நேரத்துக்கு வரும் ரயில்கூட, அதற்கு முந்தைய நிறுத்தத்தில் அரை மணி தாமதமாக வந்திருக்கலாம். இரண்டாம் கட்டத்தில் சொன்னபடி இடைநிலையத்தில் மாறுபவர்கள் இதற்காகச் சற்றுக் கூடுதல் இடைவெளி விட வேண்டும்.

5. சீட்டுகளை வாங்கும் வரிசை

இப்போதுதான் பணம் செலுத்தும் கட்டம். ஆம்ட்ராக் சீட்டை முதலில் வாங்குங்கள், ஏனெனில் பயண நாள் நெருங்க நெருங்க அதன் விலை ஏறும். புறநகர் ரயிலின் கட்டணம் அப்படி ஏறுவதில்லை. அதில் குறித்த இருக்கையும் இல்லை. எனவே அதை அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே முன்பதிவில் ஆம்ட்ராக்கே விற்ற இரண்டு ரயில்களுக்கு இடையே இணைப்பு தவறினால், ஆம்ட்ராக் மாற்று ஏற்பாடு செய்து தரும். நீங்களாகச் சேர்த்துக்கொண்ட புறநகர் ரயிலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. புறநகர் ரயில் தாமதமானதால் ஆம்ட்ராக்கைத் தவறவிட்டேன் என்று எந்த முகப்பில் முறையிட்டாலும் பயன் இருக்காது.

ஒரே தண்டவாளத்தில், ஒரே நிலையத்துக்குச் சென்றாலும், ஒருவரது சீட்டு மற்றவரது ரயிலில் செல்லாது என்று கருதியே ஏறுங்கள். பிலடெல்பியாவுக்கு மேற்கே பேயோலி போன்ற நிலையங்களில் செப்டா ரயிலும் ஆம்ட்ராக்கின் கீஸ்டோன் ரயிலும் நிற்கின்றன. முதலில் வந்தது எதுவோ அதில் ஏறிவிடுவது அங்கு வழக்கமான தவறு.

புறநகர் சீட்டைப் பொறுத்தவரை மூன்று பழக்கங்கள் உதவும். முதலாவது, ஏறும் முன்பே வாங்குங்கள்: சீட்டு விற்பனை வசதி உள்ள நிலையத்திலிருந்து ஏறி, நியூ ஜெர்சி டிரான்சிட் ரயிலுக்குள் சீட்டு வாங்கினால் 5 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும், கால்டிரெய்னிலோ ரயிலுக்குள் விற்பனையே இல்லை. இரண்டாவது, கைபேசிச் சீட்டை வாங்குவதும் அதைச் செயல்படுத்துவதும் தனித்தனிச் செயல்கள்; ரயில் நடைமேடைக்கு வரும் வேளையில்தான் செயல்படுத்த வேண்டும். ஆம்ட்ராக்கில் அமர்ந்திருக்கும்போதே செயல்படுத்திவிட்டு, ரயில் தாமதமானதால் அது காலாவதியாகிவிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மூன்றாவது, லாங் ஐலண்ட் ரெயில் ரோடில் நெரிசல் நேரக் கட்டணம் தனி. மலிவான சீட்டை எடுத்துவைத்துவிட்டு, தாமதத்தால் மாலை நேரத்துக்குள் நுழைந்துவிட்டால் மீதிப் பணத்தைச் செலுத்த வேண்டிவரும்.

6. பெட்டிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்

ஆம்ட்ராக்கில் ஒவ்வொருவரும் தலா 50 பவுண்டு வரை எடையுள்ள இரண்டு பெட்டிகளையும், அவற்றோடு சிறு கைப்பையையும் கையோடு எடுத்துச் செல்லலாம். இந்தத் தாராளம்தான் பயணிகளைச் சிக்கவைக்கிறது. அதே பெட்டிகளை அடுத்த ரயிலிலும் நீங்களேதான் தூக்க வேண்டும்; புறநகர் ரயிலில் பெட்டிகளை ஒப்படைக்கும் வசதி கிடையாது.

நியூ ஜெர்சி டிரான்சிட்டின் இரட்டைத் தள வண்டிகளில் மேலே செல்லவும் படிகள், கீழே செல்லவும் படிகள். கதவை ஒட்டிய நடுத்தளத்தில் சில இருக்கைகளும் சிறிது வெற்றிடமும் இருக்கும். பெட்டிகளோடு வருபவர் அங்கேயே நின்றுவிட வேண்டும். மேலே ஏறிவிட்டால், இறங்கும் நேரத்தில் குறுகிய படிக்கட்டில் எதிரே வருபவர்களோடு போராட நேரும்.

ஆம்ட்ராக்கில் பெட்டிகளை ஒப்படைக்க விரும்பினால், புறப்பாட்டுக்கு 45 நிமிடம் முன்பே ஒப்படைக்க வேண்டும். நான்காம் கட்டத்துக் கணக்கில் இதையும் சேருங்கள். எல்லா நிலையங்களிலும் எல்லா ரயில்களிலும் இந்த வசதி இல்லாததால், நீங்கள் தேர்ந்தெடுத்த இடைநிலையத்தில் பெட்டியைத் திரும்பப் பெற முடியுமா என்று முன்கூட்டியே பாருங்கள். முதியவர்களை அனுப்பும்போது பெரிய நிலையங்களில் ரெட் கேப் எனப்படும் ஆம்ட்ராக் சுமையாளர்களின் உதவியைக் கேட்கச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அன்பளிப்பு தருவது வழக்கம்.

7. பயண நாளன்று

காலையில் புறநகர் ரயில் அமைப்பின் அறிவிப்புப் பக்கத்தைப் பாருங்கள். வார இறுதிகளில் தடப் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவது அடிக்கடி நடக்கும். அப்போது இரட்டிப்பு நேரம்கூட ஆகலாம்.

ஆம்ட்ராக் செயலி காட்டும் வருகை நேரத்தைத் தொடக்கத்திலேயே நம்பிவிடாதீர்கள். உங்கள் நிறுத்தத்துக்கு இரண்டு மூன்று நிறுத்தங்கள் முன்பு ரயில் எத்தனை மணிக்கு வந்தது என்பதே நம்பகமான சான்று. வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் அந்த நேரத்தையே அனுப்புங்கள்.

இறங்கியதும் கூட்டத்தின் பின்னால் செல்லாதீர்கள்; முதலில் நின்று புறப்பாட்டுப் பலகையைத் தேடுங்கள். சிகாகோ யூனியன் நிலையத்தில் வடக்குப் பக்கத் தடங்களுக்கு ஒற்றை எண்களும், தெற்குப் பக்கத் தடங்களுக்கு இரட்டை எண்களும் இடப்பட்டுள்ளன. தட எண்ணைப் பார்த்தாலே எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். பிலடெல்பியாவின் 30ஆம் தெரு நிலையத்தில் ஆம்ட்ராக் கீழ்த்தளத்தில் நிற்கும், செப்டா ரயில்கள் மேல்தளத்தில் நிற்கும். நியூயார்க் பென்னில் தட எண் புறப்பாட்டுக்குச் சற்று முன்புதான் வெளியாகும் என்பதால், பலகையைப் பார்க்கக்கூடிய இடத்திலேயே நில்லுங்கள்.

8. இணைப்பு தவறினால்

ஆம்ட்ராக்கைத் தவறவிடப்போகிறீர்கள் என்று உறுதியானால், அந்த ரயில் புறப்படுவதற்கு முன்பே, புறநகர் ரயிலில் இருந்தபடியே முன்பதிவை மாற்றுங்கள். ரயில் புறப்பட்டுவிட்டால் நீங்கள் வராதவர் என்று பதிவாகும். சீட்டின் மதிப்பு போவதோடு, அதே முன்பதிவில் உள்ள அடுத்தடுத்த பயணங்களும், திரும்பும் பயணம் உட்பட, ரத்தாகிவிடும்.

ஆம்ட்ராக்கே ரத்தானால், கிழக்குக் கரையில் புறநகர் ரயில்களையே தொடர்ச்சியாகப் பிடித்துச் செல்ல முடியுமா என்று பாருங்கள். நியூயார்க்கிலிருந்து நியூ ஜெர்சி டிரான்சிட்டில் டிரென்டன் வரை சென்று, அங்கு செப்டாவுக்கு மாறினால் பிலடெல்பியாவை அடையலாம். நேரம் கூடும், ஆனால் கடைசி நேர ஆம்ட்ராக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. சிலர் இதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் தொடர் வாஷிங்டன் வரை நீளாது. தெற்கிலிருந்து வரும் மார்க் ரயில் மேரிலாந்தின் பெரிவில்லிலும், வடக்கிலிருந்து வரும் செப்டா டெலவேரின் நூவர்க்கிலும் முடிந்துவிடுகின்றன. இடைப்பட்ட பகுதியில் புறநகர் ரயில் இல்லை. இது நியூ ஜெர்சியின் நூவர்க் அல்ல என்பதையும் கவனியுங்கள். வார இறுதியில் மார்க் ரயில் பெரிவில் வரைகூட வருவதில்லை. வடக்கே பாஸ்டன் திசையிலும் கனெக்டிகட்டின் நியூ லண்டனுக்கும் ரோட் ஐலண்டின் விக்ஃபோர்ட் சந்திப்புக்கும் இடையே இதே போன்ற இடைவெளி இருக்கிறது. இந்த இரண்டு இடங்களையும் காரில் கடக்க வேண்டியிருக்கும் என்பதால், ரத்தான செய்தி வந்தவுடன் பாதி வழி வரை புறப்பட்டுவிடாமல், அந்த இடைவெளிக்கு ஏற்பாடு செய்த பிறகே முதல் புறநகர் ரயிலில் ஏறுங்கள்.